அப்பாரு தவறிய சேதி அத்தைக்கு ஃபேஸ்புக்கில் போய்ச் சேர்ந்தது. தம்பியிடம் எப்படிப் பேசுவது?

பெருந்துறைப் பொண்ணு:
வணக்கமுங்க. போன மாசம் எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, தவறிவிட்டார். விடிகாலை அஞ்சரை மணி. அப்பா முதலில் போன் போட்டது பொள்ளாச்சி மாமாவுக்கு, அத்தை வீட்டுக்காரருக்கு. பெற்ற மகளிடம் இந்தச் சேதியைப் போனில் அப்படியே சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "அய்யனுக்குக் கொஞ்சம் முடியலீங்க மாப்ள, அவளைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றுதான் சொல்வோம். வாசலுக்கு வந்து நாலு பேர் கையைப் பிடித்த பிறகுதான் அழுகை.

அன்றைக்கு மாமா தோப்பில் இருந்தார். அங்கே சிக்னல் கிடைக்காது. அப்பா மூன்று தடவை அடித்தும் கிடைக்கவில்லை. அதற்குள் கோயமுத்தூரில் படிக்கும் பெரியப்பா பையன் போட்டோ போட்டுவிட்டான். மஞ்சள் வேகவைக்கும் கொப்பரை பக்கத்தில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு அப்பாரு சிரிக்கிற போட்டோ. கீழே, "எங்களை விட்டுப் பிரிந்தார்". சொந்தக்காரர்கள் பதினெட்டுப் பேரை டேக் செய்திருந்தான். அத்தையும் அதில் இருந்தார்.

அத்தை அடுப்பில் பால் வைத்துவிட்டுப் போனை எடுத்திருக்கிறார். அய்யன் படத்தைப் பார்த்த சந்தோஷத்தில் லைக் போட்டுவிட்டு, அப்புறம்தான் எழுத்தைப் படித்திருக்கிறார். பால் பொங்கி அடுப்பு அணைந்து, பக்கத்து வீட்டு அக்கா கேஸ் வாசம் பிடித்து ஓடி வந்தபோது, தரையில் உட்கார்ந்து அந்த லைக்கை எடுக்கத் தெரியாமல் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாராம்.

பதினாறும் முடிந்துவிட்டது. அத்தை அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கெட்டவன் இல்லைங்க, அப்பாரு தோளிலேயே வளர்ந்தவன். அவனிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

இன்னொன்றும் உறுத்துகிறது. திருப்பூரில் என்னோடு ஆறு வருசம் வேலை செய்த தோழி, வாட்ஸ்அப் குரூப்பில் 'ஆர்ஐபி' என்று போட்டு ஒரு கைகூப்பு பொம்மை வைத்தாள். ஒரு போன் கூட இல்லை. இது கேதம் கேட்டதாக, துக்கம் விசாரித்ததாக ஆகுமா?

காங்கேயத்துப் பெரியவர்:
அம்மிணி, அந்த லைக்கைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எழவு சொல்ல சைக்கிளில் ஆள் வருவார். வீட்டு ஆம்பிளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு மிதிப்பார். தூரத்து ஊர்களுக்குத் தந்தி. தந்தி என்றாலே பிரிப்பதற்கு முன்பே அழுகை கிளம்பிவிடும். 2013 ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் தந்தியைக் கொண்டுவந்த ஆள் ஒருவர் எதிரே நிற்பார். மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்கலாம். உங்கள் அத்தைக்கு அது கூடக் கிடைக்கவில்லை.

பையனுக்கு மெசேஜில் பாடம் எடுக்காதே. அவனைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறு. அங்கே போய் அவனே பேசட்டும்.

கோபி செல்போன் கடை:
அக்கா, கடைக்கு வருகிறவர்கள் கேட்பதால் சொல்கிறேன். ஃபேஸ்புக்கில் ஒரு செட்டிங் இருக்கிறது. நம்மை டேக் செய்த பதிவு, நாம் சரி என்றால்தான் நம் பக்கத்தில் ஏறும். ஆனால் அதை வைத்தால் மட்டும் நோட்டிஃபிகேஷன் நிற்காது. அதனால் அன்றைக்கு அத்தையை அது காப்பாற்றியிருக்காது. போடுகிற கைதான் பொறுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் கொஞ்சம் வழி உண்டு. யார் போட்ட மெசேஜையும் அட்மின் எல்லோருக்கும் அழித்துவிடலாம். எங்கள் வீட்டுக் குரூப்பில் இப்படி ஒரு நாள் வந்தால், அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிடுவோம். போன வருசம் சித்தப்பா போனபோது நூறு ஆர்ஐபிக்கு நடுவில் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற சேதி புதைந்துபோய், தாராபுரத்திலிருந்து வந்தவர்கள் முகத்தைக் கூடப் பார்க்க முடியவில்லை. அதற்கப்புறம் செய்த ஏற்பாடு இது.

சென்னிமலை டீச்சர்:
உங்கள் தோழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கூட வேலை பார்த்தவர் அம்மா இறந்தபோது நானும் பொம்மைதான் வைத்தேன். போன் எடுத்தால் என்ன பேசுவது என்ற பயம். நாள் ஆக ஆக வெட்கம் சேர்ந்துகொண்டது. ரெண்டு மாசம் கழித்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "வாங்க, உக்காருங்க" என்றார், அவ்வளவுதான். ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். குரூப்பில் கைகூப்பியது கேதம் கேட்டதாக ஆகாது, நிச்சயமாக ஆகாது. ஆனால் உங்கள் தோழிக்கு அக்கறை இல்லை என்றும் அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நீங்களே ஒரு தடவை கூப்பிடுங்கள்.

பெருந்துறைப் பொண்ணு:
ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தோமுங்க. அத்தை எனக்கு மட்டும் காப்பி கொடுத்தார். அவன் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வந்து, "தெரியாமப் பண்ணிட்டனுங்க அத்தை" என்றான். அத்தை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. போனை மட்டும் நீட்டி, "அந்த லைக்கை எடுத்துக் குடு சாமி" என்றார். அது இத்தனை நாளும் அப்படியே இருந்திருக்கிறது. அவன் எடுத்துக் கொடுத்தான்.

தோழிக்கு இன்று சாயங்காலம் போன் போடுகிறேன்.