ஆயாவின் மடியில் சத்துமாவு உருண்டை: சின்னப் பிள்ளைகளோடு நம் அனுபவங்கள்

அங்கன்வாடிப் பணியாளர், விழுப்புரம் மாவட்டம்:

செங்கல் சூளைக் குடும்பம். அப்பா அம்மா இருவரும் விடியுமுன்பே கல் அறுக்கப் போய்விடுவார்கள், பிள்ளை ஆயாவிடம். 1 வயது 8 மாதம். மேல்கையில் அளவு நாடாவைச் சுற்றினேன், 12.1 செ.மீ., மஞ்சள். அதாவது ஊட்டம் குறைவு. (12.5-க்கு மேல் பச்சை, நல்ல நிலை; 11.5-க்குக் கீழே சிவப்பு, ஆபத்து.) ஆயாவோ, "நல்லாத்தாம்மா துன்னுது" என்றார்.

சரி, என்னதான் சாப்பிடுகிறது என்று ஒரு முற்பகல் கூடவே உட்கார்ந்தேன். டீயில் தோய்த்த வர்க்கி. அழுதால் ஐந்து ரூபாய் பாக்கெட். அப்புறம் ரசம் சோறு நாலு வாய், அதோடு தலையைத் திருப்பிக்கொண்டது. இருக்கிற சின்ன வயிற்றை டீயே நிரப்பிவிடுகிறது. டீ இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது.

அங்கன்வாடியில் சின்னதுக்குக் கொடுத்த சத்துமாவு? ஒரே சட்டியில் கஞ்சி காய்ச்சி மூன்று பிள்ளைகளுக்கும் ஊற்றியிருக்கிறார். அதை எப்படித் தப்பு என்பது? பசிக்கிற பெரிய பிள்ளையை வைத்துக்கொண்டு சின்னதுக்கு மட்டும் யாரால் ஊட்ட முடியும்! அதனால் முதலில் 4 வயது அண்ணனை மையத்தில் சேர்த்தேன். அவனுக்கு மதியச் சோறும் முட்டையும் அங்கேயே கிடைத்தது. வீட்டு மாவு தம்பிக்கு மிஞ்சியது.

வெந்நீர் தெளித்துப் பிசைந்து நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிக் கொடுத்தேன். ஆயா மடியில் உட்கார்ந்து, தானே பிடித்து, விரலிடுக்கு வரை நக்கித் தின்றது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு உருண்டை, டீ கிடையாது. மூன்று மாதத்தில் 12.7.

வீட்டு வேலை செய்யும் அம்மா, சென்னை:

என் மகள் 2 வயதாகியும் பேசவில்லை. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்றே எல்லோரும் சொன்னார்கள். அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுவில் ஒரு டாக்டர், அவள் முதுகுப் பக்கம் நின்று கைதட்டினார். திரும்பவே இல்லை. காதில் சீழ். நான் தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

மாவட்டத்தில் பிள்ளைகளுக்கான சிகிச்சை மையத்துக்கு அனுப்பி மருந்து கொடுத்தார்கள். பேச்சுக்கு டீச்சர் சொன்ன வழி: செல்போனை எடுத்து வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும்போது ஒவ்வொன்றையும் பேர் சொல்லி அவள் கையில் கொடுப்பது. ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு "மூயி" என்றாள். மூடி கேட்கிறாள்! ஈரக் கையோடு அள்ளிக்கொண்டேன்.

இன்னொரு அம்மா:

என் பையனுக்கும் இதே சந்தேகம். அந்தக் குழு எப்போது வரும், செலவாகுமா?

அங்கன்வாடிப் பணியாளர்:

வருடத்துக்கு இரண்டு முறை, இலவசம். 18 வயது வரை பார்ப்பார்கள். ஆனால் காதில் சீழ் என்றால் அவர்கள் வரும்வரை காத்திருக்காதீர்கள்மா, நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.