மைனஸ் 32இல் வெளிவேலை: எந்த பூட்ஸ் வாங்குவது? அவசரம்

புதிதாய் வந்தவன்
வணக்கம். கனடாவில் எனக்கு இது முதல் குளிர்காலம். வேலை முழுவதும் வெளியில்தான். நேற்று வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் இரண்டு கட்டைவிரல்களும் மெழுகு போல வெளுத்திருந்தன. கிள்ளினாலும் உறைக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் சிவந்து எரிச்சல் எடுத்தது. நான் போட்டிருந்தது சாதாரண ஷூ அல்ல. "மைனஸ் 40 வரை" என்று அட்டையில் அச்சிட்டு விற்ற பூட்ஸ். வரும் வியாழக்கிழமை மைனஸ் 32 என்கிறது வானிலை அறிக்கை. விடுப்புக் கேட்கப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நன்றாகச் சூடு தாங்குகிற, இரண்டு மூன்று வருடம் உழைக்கிற பூட்ஸ் எது? பெயரை மட்டும் சொல்லுங்கள், இன்றே வாங்கிவிடுகிறேன்.

ஸ்காபரோ பெரியவர்
தம்பி, முதலில் மனதைத் தளரவிடாதீர்கள். நான் 1989இல் வந்தவன். உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு விடியப்புறம் பஸ்ஸுக்கு நிற்பேன். கையில் காசு இல்லை. ஒன்ராறியோவில் பால் பிளாஸ்டிக் பையில் வரும். அந்தப் பைகளைக் கழுவி உலர்த்தி, காலுறைக்கு மேலே மாட்டிக்கொண்டு சப்பாத்துக்குள் காலை விடுவோம். அறையில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் அந்தக் குளிரைக் கடந்தோம்.

இங்கே எதிரி குளிரை விடத் தண்ணீர்தான். வீதியில் உப்புப் போடுவார்கள், பனி உருகிச் சேறாகிக் கணுக்கால் வரை நிற்கும். ஆகவே அடிப்பாகம் முழுக்க ரப்பரில் வார்த்த சப்பாத்தாகப் பாருங்கள். மேலே தோல், உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறை. தோலில் உப்புப் படிந்தால் வினிகரில் தண்ணீர் கலந்து துடையுங்கள், வெடிக்காது. கமிக், சொரெல் என்ற இரண்டு நிறுவனங்களின் சப்பாத்துமே நல்லவை.

கல்கரி கணினிக்காரர்
ஐயா சொல்வது டொராண்டோவுக்குச் சரி. இங்கே அவ்வளவு கனமான ரப்பர் தேவையில்லை, பஸ்ஸிலும் கடையிலும் கால் வேர்த்துவிடும். சினூக் என்ற வெப்பமான மலைக்காற்று அடித்தால் ஒரே நாளில் பனி உருகும், இரவில் அதுவே கண்ணாடி மாதிரி இறுகிவிடும். என் முதல் குளிர்காலத்தில் குடியிருப்பு வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு நான் பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவதில்லை. டொராண்டோ மறுவாழ்வு மருத்துவ ஆய்வகத்தில் உண்மையான பனிக்கட்டிச் சரிவில் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்து, வழுக்காத பூட்ஸுக்குப் பனித்துகள் சின்னம் தருகிறார்கள். 2016இல் முதல் பட்டியல் வந்தபோது பெரும்பாலானவை ஒரு சின்னம்கூட வாங்கவில்லை. அந்தப் பட்டியலுக்கு இணையத்தில் ரேட் மை டிரெட்ஸ் என்று தேடுங்கள். சூட்டுக்கு, பூட்ஸின் உள்ளே வைத்துத் தைக்கும் தின்சுலேட் பஞ்சு 400 கிராம் தாராளம்.

ஒஸ்லோவிலிருந்து
இருவருமே பூட்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். காலுறையைக் கேட்டீர்களா? எண்பதுகளின் கடைசியில் வடக்கு நோர்வேயின் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் நம்மவர் பலர் வேலை செய்தோம். நவம்பர் கடைசி முதல் ஜனவரி பாதிக்கும் மேல் அங்கே சூரியன் எழும்பாது. நிறுவனம் தந்த ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் ஈரத்தரையில் நிற்போம். வெளித்தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வராது. ஆனால் மாலையில் கழற்றினால் காலுறையைப் பிழியலாம், அவ்வளவும் வியர்வை. அந்த ஈரம்தான் காலைக் குளிரவைத்தது. பக்கத்தில் நின்ற நோர்வேப் பெண்மணி தன் கையால் பின்னிய கம்பளிக் காலுறை ஒரு சோடி தந்தார். அன்று முதல் பருத்தியைக் காலில் போட்டதில்லை. பெரியவர் மன்னிக்க வேண்டும், பிளாஸ்டிக் பை யோசனையை இந்தத் தம்பிக்குச் சொல்லாதீர்கள். நாள் முழுக்க நிற்கிறவருக்கு அது வியர்வையை உள்ளேயே பூட்டிவிடும்.

ஸ்காபரோ பெரியவர்
காசு இல்லாத காலத்தில் செய்ததைச் சொன்னேன். அந்தப் பை இல்லாவிட்டால் எங்கள் கால் என்னவாகியிருக்கும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

செவிலியர் அக்கா
எல்லோரும் ஒரு நிமிடம் பொறுங்கள். தம்பி, விரல் இப்போது எப்படி இருக்கிறது? நிறம் திரும்பி, தொட்டால் உணர்ச்சி வந்துவிட்டதா? கொப்புளம் இருக்கிறதா? மறுபடி வெளுத்தால் தேய்க்காதீர்கள், பனியை வைத்து அழுத்தாதீர்கள், ஹீட்டருக்கு நேரே நீட்டாதீர்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். கொப்புளம், கருநிறம், உணர்ச்சி திரும்பாமை, இதில் எது இருந்தாலும் மருத்துவமனைதான். ஒருமுறை உறைந்த விரல் அடுத்த முறை சீக்கிரம் உறையும். எந்த ஊரில் இருக்கிறீர்கள்? என்ன வேலை? அதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

புதிதாய் வந்தவன்
அக்கா, நிறம் வந்துவிட்டது, கொப்புளம் இல்லை. இடது விரல் மட்டும் கொஞ்சம் மதமதப்பாக இருக்கிறது. எட்மன்டன். மரக்கிடங்கில் வேலை. லாரியில் ஏற்றுகிற மரத்தை எண்ணிச் சரிபார்ப்பது, கூட நின்று சைகை காட்டுவது. நடப்பது குறைவு, நிற்பதுதான் அதிகம். சாக்ஸ் இரண்டு ஜோடி போடுகிறேன், ஊரிலிருந்து கொண்டு வந்தவை. பச்சை முக்கோணம் இருக்கிற பூட்ஸ்தான் போட வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார்.

ஸஸ்காட்டூன் மாணவி
எனக்கு இதைப் படிக்கும்போது கோபம்தான் வருகிறது. ஊரில் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்த ஆலோசகர் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒரு ஜாக்கெட் போதும்" என்றார். இங்கே வந்த முதல் மாதத்திலேயே உடைக்கும் பூட்ஸுக்கும் வாடகை அளவுக்குச் செலவு.

கல்கரி கணினிக்காரர்
உண்மை. என் முதல் வீட்டுக்காரர் ஹீட்டரைக் கூட்டவே விடமாட்டார். கேட்டால், கம்பளி போர்த்திக்கொள் என்பார்.

ஸ்காபரோ பெரியவர்
அதோடு கனடிய அனுபவம் இல்லை என்று சொல்லிப் படித்த பிள்ளைகளைக் கிடங்குக்கு அனுப்புகிறார்கள். எங்கள் காலத்திலும் இதே பேச்சு, இன்றும் இதே பேச்சு.

எட்மன்டன் வீதிப்பணி
இந்தக் குறைகள் எல்லாம் நியாயமானவை, தனியாக ஓர் இழை தொடங்கிப் பேசுவோம். வியாழக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. தம்பி, நான் வீதிப்பணி நடக்கும் இடங்களில் கையில் பலகை பிடித்து வாகனங்களை நிறுத்துகிறவள். நிற்பதுதான் என் வேலையும். 2024 ஜனவரியில், மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்துங்கள் என்று நம் அல்பர்ட்டா மாகாணம் முழுவதும் கைபேசிக்கு அவசர எச்சரிக்கை வந்த அந்தக் கடுங்குளிரிலும் வேலைக்குப் போனேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பச்சை முக்கோணம் என்று நீங்கள் கடைசியில் சொன்னதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அது கனடியத் தர நிறுவனத்தின் அடையாளம். விரல் மேல் பாரம் விழுந்தாலும் தாங்கும், ஆணி அடியைத் துளைக்காது என்று பொருள். இது இல்லாத பூட்ஸ் எவ்வளவு சூடாக இருந்தாலும் கிடங்கில் போட முடியாது. மேலே சொன்ன நிறுவனங்களின் சாதாரண பூட்ஸ் பலவும் இதனால் கழிந்துவிடும். முக்கோணத்திலும் விரல் மூடி இரும்பா, கலவைப் பொருளா (காம்போசிட்) என்று கேளுங்கள். இரும்பு விரலின் சூட்டை உறிஞ்சி வெளியே கடத்திவிடும். கலவைப் பொருளில் செய்ததையே வாங்குங்கள்.

அட்டையில் இருக்கும் மைனஸ் 40ஐ நம்பி வாங்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் சோதித்து எழுதும் எண் அது. நடந்துகொண்டே இருப்பவரின் காலில் ரத்தம் ஓடும், சூடு பிறக்கும். நிற்கிறவருக்கு அது கிடையாது. தின்சுலேட் கிராம் என்பது அந்தப் பஞ்சின் ஒரு சதுர மீட்டர் எடை. 200 கிராம் நடப்பவருக்குப் போதும். கல்கரி அண்ணா சொன்ன 400 காரில் போய் இறங்குகிறவருக்குச் சரி. உங்களுக்கு 800க்குக் குறையாமல் வேண்டும், அல்லது தடித்த கம்பளி உள்ளுறை கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். என்னுடைய தேர்வு உள்ளுறைதான், ஏனென்றால் அதை வெளியே எடுத்து உலர்த்தலாம். ஒன்ராறியோவில் தொடங்கிய பாஃபின் நிறுவனம் இந்த வகைக்குப் பேர்பெற்றது. மார்க்ஸ் கடையில் டகோட்டா வகையையும் போட்டுப் பாருங்கள். தரமானது 200 டாலரைத் தாண்டும். அடிவிலைக்கு விற்பதை வாங்கினால் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி வாங்க வேண்டிவரும்.

இரண்டு ஜோடி சாக்ஸை இன்றே நிறுத்துங்கள். அவை பருத்தியாகத்தான் இருக்கும். அதோடு பூட்ஸுக்குள் இடமில்லாமல் காலை நெரித்து ரத்தத்தையும் தடுக்கின்றன. உங்கள் விரல் வெளுத்ததற்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். தடித்த மெரினோ கம்பளி ஒரு ஜோடி போதும். அதைக் கையோடு எடுத்துப் போய், மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் பூட்ஸைப் போட்டுப் பாருங்கள். விரல்களைத் தாராளமாக அசைக்க முடிய வேண்டும். அரை அளவு, சிலருக்கு ஒரு அளவு கூடுதலாக வேண்டும்.

குளிர் பெரும்பாலும் அடியிலிருந்துதான் ஏறும். கம்பளியில் செய்த தனி அடியட்டை ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள், அதற்கும் இடம் விட்டு அளவு பாருங்கள். நிற்கும் இடத்தில் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள். மரக்கிடங்கில் அதற்கா பஞ்சம்? நான் ரப்பர் விரிப்பில் நிற்கிறேன், வித்தியாசம் உடனே தெரியும்.

இரவில் உள்ளுறையையும் அடியட்டையையும் வெளியே எடுத்து வையுங்கள். ஹீட்டர் மேல் வைக்க வேண்டாம், பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். முடிந்தால் இன்னொரு உள்ளுறை வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கடைசியாக, விரல் உறைந்ததை மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அது வேலையில் ஏற்பட்ட காயம். இடையிடையே உள்ளே போய்ச் சூடுபடுத்திக்கொள்ள நேரம் கேளுங்கள். ஆபத்தான வேலையை மறுக்க அல்பர்ட்டா சட்டம் உரிமை தருகிறது, அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது.

புதிதாய் வந்தவன்
மிக்க நன்றி அக்கா. வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போகிறேன். ஒரு கேள்வி மட்டும். காலுக்கு வைக்கும் சூட்டுப் பொட்டலம் விற்கிறார்களே, அதை உள்ளே வைக்கலாமா?

எட்மன்டன் வீதிப்பணி
வைக்கலாம், ஆனால் அதை நம்பி இறுக்கமான பூட்ஸ் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றுப்பட்டால்தான் சூடாகும், இறுக்கத்தில் பாதியில் அணைந்துவிடும். சாக்ஸின் மேலே ஒட்டுங்கள், தோலில் படக் கூடாது.

செவிலியர் அக்கா
இடது காலில் வேண்டவே வேண்டாம். மதமதப்பு இருக்கும் விரலுக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது. நாளைக் காலையும் அப்படியே இருந்தால் 811க்கு அழைத்துப் பேசுங்கள், செவிலியர் எடுப்பார், இலவசம். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.