நெல் தூசு, வண்டல், உப்புக்காற்று: நம்ம ஊருக்கு ஃபிளிப் போன் சரிவருமா?

மன்னை உரக்கடை

மன்னார்குடி பக்கம் உரம், விதைநெல் கடை. அறுவடைக் காலத்தில் பாதி நாள் கொள்முதல் நிலையத்தில் போகும். இப்போதுள்ள போன் நீளம். சட்டைப்பையில் வைத்துக் குனிந்தால் நழுவுகிறது. அதனால் மடக்கு போன் பக்கம் கண் போகிறது. பார்த்து வைத்திருப்பது இரண்டு: மோட்டோரோலா ரேசர் 60 (2025 அறிமுக விலை 49,999 ரூபாய்), சாம்சங் கேலக்ஸி இசட் ஃபிளிப் 7 (2025 அறிமுக விலை 1,09,999 ரூபாய்). இரண்டிலும் தூசு, தண்ணீர் தாங்கும் தர எண் ஐபி48 என்று போட்டிருக்கிறது. அது நெல் தூசுக்குப் போதுமா? கடை நம்பர், வீட்டு நம்பர் என்று இரண்டு சிம் வேண்டும், நாள் முழுக்க யூபிஐ ஓடும். உள் டிஸ்ப்ளே போனால் இங்கே மாற்ற வழி உண்டா? சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஃபிளிப் 7 வாங்கி வருகிறேன் என்கிறார், அதையும் சொல்லுங்கள். வீடியோ ரிவ்யூ எல்லாம் ஏசி ரூமில் மடக்கி மடக்கிக் காட்டுகிறார்கள், நமக்கு அது ஒத்துவராது.

வெண்ணாற்றங்கரை

ஐபி48-இல் இரண்டு எண்ணையும் பிரித்துப் படிக்க வேண்டும். முதல் எண் திடப்பொருளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 8 என்றால் நல்ல தண்ணீரில் ஒன்றரை மீட்டர் ஆழம், 30 நிமிடம் வரை பயமில்லை. தண்ணீர் விஷயத்தில் இந்தப் போன்கள் சாதாரண போனுக்குக் குறைந்தவை இல்லை. கோளாறு அந்த 4-இல்தான். 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பொருள் உள்ளே போகாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தூசுக்குக் காப்பு 5-இல் ஆரம்பிக்கும், 6-தான் முழுக்காப்பு.

நெல் உள்ளே போகாது. ஆனால் கொள்முதல் நிலையத்தில் தூற்றும் மெஷின் ஓடும்போது பறக்கிற சுணையும் உமித்தூளும் பெரும்பாலும் அந்த 1 மில்லிமீட்டரைவிடச் சின்னவை. வேளாங்கண்ணி, கோடியக்கரைப் பக்கத்து மணலில் பெரும்பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழேதான். உரக்கடையில் டிஏபி, பொட்டாஷ் மூட்டை பிரிக்கும்போது எழும் பொடி, சட்டைப்பையில் மடித்து வைக்கிற விபூதிப் பொட்டலம், எல்லாமே அந்த 4-க்கு அடங்காதவை. முந்தைய ஃபிளிப் 5, ரேசர் 50 இரண்டும் ஐபிஎக்ஸ்8. தூசுக்குச் சோதனையே செய்யவில்லை என்பதுதான் அந்த எக்ஸ். அதைவிட இது ஒரு படி மேல், ஆனால் உங்கள் தொழிலுக்கு எட்டாத படி.

போன் மூடி நிற்பதற்கு இரண்டு பாதியிலும் காந்தம் இருக்கிறது. டிராக்டர் பட்டறை, வெல்டிங் கடை மேஜையில் வைத்தால் இரும்புத்தூள் ஓரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதோடு மூடினால் உள் ஃபிலிமில் குத்து விழும். ஏடிஎம் கார்டையும் அதோடு சேர்த்து வைக்காதீர்கள்.

சுத்தம் செய்ய டயர் கடை ஏர் மட்டும் வேண்டாம். அந்த அழுத்தம் தூசை ஹிஞ்சுக்குள் (போன் மடியும் கீல்) ஏற்றிவிடும், கம்ப்ரசர் தண்ணீரும் எண்ணெயும் கூடவே போகும். போனைப் பாதி திறந்து, திரை தரையைப் பார்க்கிற மாதிரிப் பிடித்து, மேக்கப் பிரஷ் போன்ற மென்மையான பிரஷால் மடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். கேமராவுக்கு விற்கிற ரப்பர் புளோயர் இருந்தால் இன்னும் நல்லது. கடைசியாக உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. உள் திரையில் ஸ்பிரிட், சானிடைசர் கூடாது. முக்கியமாக, மூடுவதற்கு முன் திரையை ஒரு தடவை பார்க்கும் பழக்கம் வேண்டும். ஒரு குறுநொய் நடுவில் கிடந்து மூடினாலே புள்ளி விழுந்துவிடும்.

வாய்க்காலில் விழுந்தால்: தண்ணீர் உள்ளே போகாவிட்டாலும் வண்டல் ஹிஞ்சில் தங்கும். எடுத்தவுடன் மடக்கித் திறக்காமல், திறந்த நிலையிலேயே குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டுச் சேற்றைக் கழுவுங்கள். கடல் தண்ணீர், உப்பங்கழி என்றாலும் இதேதான். உப்பு காய்ந்து படிந்தால் உலோகம் அரிக்கும். பிறகு துடைத்து, திறந்தபடியே நிழலில் ஃபேன் காற்றில் காயவிடுங்கள். டைப்-சி துளை முழுதாகக் காயும் வரை சார்ஜ் கிடையாது. அரிசிக்குள் புதைப்பதை மறந்துவிடுங்கள். நம்ம ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லை என்றாலும், அதன் மாவும் தவிடும் ஹிஞ்சுக்குள் போவதுதான் மிச்சம்.

சோல்டரிங் அயர்ன்

உள் டிஸ்ப்ளே பற்றி. மேலே விரலில் படுவது கண்ணாடி கிடையாது, பிளாஸ்டிக் ஃபிலிம். சாம்சங்கில் அதற்குக் கீழே முடியைவிட மெல்லிய வளையும் கண்ணாடி, அதற்கும் கீழே படம் காட்டும் ஓஎல்இடி அடுக்கு. ரேசரிலும் மேற்பரப்பு ஃபிலிம்தான். நகத்தை அழுத்தி இழுத்தால் தடம் விழும். கம்பெனி ஒட்டிக் கொடுத்த அந்த ஃபிலிமை நீங்களாக உரிக்கக் கூடாது, அதன்மேல் டெம்பர்டு கிளாஸ் ஒட்டவும் கூடாது. மடிக்கும்போது ஃபிலிமோடு சேர்ந்து டிஸ்ப்ளே அடுக்கும் இழுபட்டுக் கறுப்பாகிவிடும்.

முதலில் வரும் புகார் அனேகமாக இதுதான்: ஒன்று, ஒன்றரை வருடத்தில் மடிப்புக் கோட்டில் ஃபிலிம் லேசாகத் தூக்கி, குமிழி மாதிரித் தெரியும். டிஸ்ப்ளே நன்றாகத்தான் இருக்கும். அப்படியே விட்டால் தூக்கிய இடத்தில் பொடி சேர்ந்து, ஒவ்வொரு மடிப்புக்கும் அது கண்ணாடியை அழுத்தும். தூக்கத் தொடங்கியவுடன் சர்வீஸ் சென்டரில் ஃபிலிமை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், சின்ன வேலை. கத்திரி வெயிலில் பைக் டேங்க் கவரிலோ டிராக்டர் சீட்டிலோ வைத்தால் பசை இளகி இது சீக்கிரம் வரும்.

இரண்டாவது, மடிப்பின் குறுக்கே கோடு, அல்லது ஒரு பாதி இருட்டு. மூன்றாவது, இரண்டு பாதியையும் இணைக்கிற மெல்லிய வயர் ஸ்ட்ரிப் தேய்வது. குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் டச் எடுக்காது, திறந்தால் சார்ஜ் ஏறும், மூடினால் நிற்கும் என்கிற மாதிரி மாயம் காட்டும்.

சாதாரண போன் போல காம்போ (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பீஸ்) மட்டும் வாங்கி ஒட்டுகிற வேலை இதில் நடக்காது. பெரும்பாலும் டிஸ்ப்ளே, ஃபிரேம், ஹிஞ்ச் மூன்றும் ஒரே பீஸாக வரும். அதனால்தான் ரேட் எகிறுகிறது. காசு கட்டும் முன்னால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆதரைஸ்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மாடலின் உள் டிஸ்ப்ளே இங்கேயே மாற்றுவீர்களா, வெளியூருக்கு அனுப்புவீர்களா? வாரண்டி இல்லாமல் மொத்தம் எவ்வளவு? ஃபிலிம் மட்டும் மாற்ற எவ்வளவு? பதில் இழுவையாக இருந்தால் அந்த பிராண்டை விடுங்கள், ஸ்பெக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. கம்பெனியின் விபத்துக் காப்புத் திட்டத்தைப் போன் வாங்கும் அன்றே பில்லோடு போடுங்கள். மடக்கு போனில் அது வீண்செலவில் சேராது.

கடையிலேயே பார்க்க வேண்டியது: பிரைட்னஸை முழுதாக வைத்து வெள்ளைப் படம், அடுத்து சாம்பல் நிறப் படம். மடிப்பு ஓரத்தில் புள்ளி இருக்கிறதா பாருங்கள். கோடு தெரிவது குறையில்லை, எல்லா செட்டிலும் தெரியும். சாம்சங்கில் டயல் பேடில் \*#0\*# அடித்தால் டெஸ்ட் மெனு வரும், அதில் டச் எடுத்து மடிப்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக விரலை இழுங்கள். பிறகு 90 டிகிரியில் நிறுத்தி அதையே செய்யுங்கள். முழுதாகத் திறந்து சமமான கண்ணாடி மேஜையில் வைத்தால் ஆடக்கூடாது. மூடித் திறக்கும்போது நறநறவென்று சத்தம் வந்தால் அந்தப் பீஸ் வேண்டாம், வேறு பெட்டி பிரிக்கச் சொல்லுங்கள்.

குடந்தை டிகிரி காபி

அண்ணே, கடைக்குன்னு கேக்குறதால ஒண்ணு சொல்றேன், இதை எந்த ரிவ்யூலயும் சொல்ல மாட்டாங்க. மூடி வெச்ச நிலையில வெளித்திரையும் மெயின் கேமராவும் ஒரே பக்கம் இருக்கும். செல்ஃபிக்கு அது அருமை. ஆனா மூடினபடியே கியூஆர் ஸ்கேன் பண்ண முடியாது, கேமராவ கியூஆர் பக்கம் திருப்புனா திரை உங்களுக்குத் தெரியாது. காசு அனுப்பணும்னா ஒவ்வொரு தடவையும் தொறந்தே ஆகணும். காசு வந்துச்சான்னு பாக்குறது, ஓடிபி பாக்குறது, மணி பாக்குறது எல்லாம் வெளித்திரையிலயே முடிஞ்சிடும்.

மடிப்புக் கணக்கும் பாருங்க. ஃபிளிப் 5, 6 காலத்துல 2 லட்சம் மடிப்புன்னு கம்பெனி சொன்னுச்சு. நாளைக்கு 100 தடவைன்னா அஞ்சரை வருஷம். கடையில 200 தடவ தொறந்து மூடுனா மூணு வருஷம்கூட இல்ல. அதுவும் தூசு இல்லாத லேப்ல மெஷின் மடிச்ச கணக்கு. அதனால போன் வந்தா மூடினபடியே எடுத்துப் பழகுங்க. ஸ்பீக்கர்ல பேசும், கடன் பாக்கி பேசும்போது மட்டும் ஜாக்கிரதை.

எதை வாங்கலாம்னா, ரேசர் 60-ல 3.6 இன்ச் வெளித்திரை, 4500 எம்ஏஎச் பேட்டரி, 30 வாட் சார்ஜ். எந்த ஆப்பையும் வெளித்திரையில ஓட விடலாம், செட்டிங்ஸ்ல ஆப் ஆப்பா அனுமதி குடுத்தா போதும். டைமென்சிட்டி 7400எக்ஸ் சிப், கேமுக்கு சுமார், கடை வேலைக்குத் தாராளம். ஃபிளிப் 7-ல 4.1 இன்ச், 4300 எம்ஏஎச், 25 வாட், பெட்டியில சார்ஜர் கெடையாது. எல்லா ஆப்பும் வெளித்திரையில வேணும்னா கேலக்ஸி ஸ்டோர்ல குட் லாக்ங்குற சாம்சங் ஆப்ப எறக்கி, அதுக்குள்ள மல்டிஸ்டார் போட்டு, லாஞ்சர் விட்ஜெட்ட சேக்கணும். கேமரா நல்லாருக்கும், ஏழு வருஷம் அப்டேட்டும் உண்டு. ஆனா உங்க கடையில ஹிஞ்சு ஏழு வருஷம் நிக்குமான்னு யோசிச்சா, அந்த அப்டேட்டுக்காக இரட்டை வெலை குடுக்குறது எனக்கு நியாயமாப் படல. ரெண்டுல ஒண்ணுதான்னா ரேசர் 60. இன்னும் நேராச் சொன்னா, தை மாசி ரெண்டு மாசமும் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு பழைய பட்டன் போன எடுத்துட்டுப் போங்க, ஃபிளிப் கல்லாவுலயே இருக்கட்டும்.

பைக் ஹோல்டர்ல மாட்டாதீங்க. கவ்வுற எடம் சரியா மடிப்புக்கிட்ட வரும், மெயின் கேமராவுல படம் ஆடாம புடிக்கிற ஓஐஎஸ்ஸும் அதிர்வுல கெடலாம்.

மன்னை உரக்கடை

கியூஆர் விஷயம் யோசிக்கவே இல்லை, நன்றி. இரண்டு சிம் எப்படி? இரண்டிலும் ஒரு சிம் போடும் இடம்தான் இருக்கிறது என்கிறார்கள்.

கல்லணைக் கால்வாய்

ஆமாம் சார். ஒரு நானோ சிம், இன்னொன்று இ-சிம், அதாவது போனுக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் சிம். மெமரி கார்டுக்கும் இடமில்லை.

கடை நம்பரைப் பிளாஸ்டிக் சிம்மிலேயே விடுங்கள், வீட்டு நம்பரை இ-சிம் ஆக்குங்கள். உள் திரை செத்துப்போனால் பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு அரை மணியில் வியாபாரம் தொடரலாம். இ-சிம்மை அப்படிப் பிடுங்கிப் போட முடியாது, திரும்ப விண்ணப்பித்து மாற்ற வேண்டும்.

மாற்றும்போது வரிசை முக்கியம். புதுப் போனில் \*#06# அடித்து ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), இஐடி (இ-சிம்மின் அடையாள எண்) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வைஃபை இருக்கும் இடத்தில் உட்காருங்கள், ஏனென்றால் இ-சிம் இறங்க நெட் வேண்டும், அந்த நேரத்தில் பழைய சிம் செத்துப்போயிருக்கும். நெட்வொர்க் கம்பெனியின் சொந்த ஆப் வழியாகவோ அவர்களுடைய கடையிலோ மட்டும் செய்யுங்கள். நாங்களே இ-சிம் மாற்றித் தருகிறோம் என்று வரும் போன் அழைப்பு மோசடி. ஓடிபி சொன்னால் நம்பர் அவன் கைக்குப் போய்விடும். மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் முடங்கலாம், அந்த நம்பரில் வங்கி ஓடிபி வராது. புதுப் போனில் யூபிஐ பதிந்தாலும் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்தான் அனுப்பும் வரம்பு. ஆகையால் மூட்டை லோடு இறங்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆரும் சவுண்ட் பாக்ஸும் அது பாட்டுக்கு ஓடும், அவை வங்கிக் கணக்கோடு சேர்ந்தவை.

விரல் ரேகை சென்சார் பக்கவாட்டு பட்டனில் இருக்கிறது. உரம் அள்ளிய கையோ ஈரக்கையோ எடுக்காது. இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று நான்கையும் பதிந்து வையுங்கள்.

சோல்டரிங் அயர்ன்

சிங்கப்பூர் செட் பற்றி விட்டுவிட்டேன். வேண்டாம். சாம்சங் போன் வாரண்டி விற்ற நாட்டோடு நின்றுவிடும். சாதாரண போனில் அது சின்ன இழப்பு, மடக்கு போனில் உள் டிஸ்ப்ளே மொத்தமும் உங்கள் தலையில். இங்கே எடுக்கும் காப்புத் திட்டத்திலும் அந்தச் செட்டைச் சேர்க்க மாட்டார்கள். மச்சானைச் சார்ஜர் வாங்கி வரச் சொல்லுங்கள், மூன்று பின் பிளக் என்பதால் அடாப்டரும் சேர்த்து.

உள்ளூரில் செகண்ட் ஹேண்ட் யாராவது நீட்டினால், பெரிய எழுத்தில் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்ட செட் என்றால் பதிலில் தெரிந்துவிடும். உள் ஃபிலிமே இல்லாமல் இருந்தாலோ, மடிப்புக்கு மேல் தனியாக ஏதாவது ஒட்டியிருந்தாலோ, என்ன விலை சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.