'நீர்வடம்' என்னும் சொல் குறித்து

அன்பின் நண்பர்களுக்கு,

டீ.என்.ஏ.யின் இரட்டைச் சுருளில் இரு இழைகளுக்கிடையே ஓடும் ஒடுங்கிய பள்ளமான சிறு வரிப்பள்ளத்தில் ஒழுங்காக நிற்கும் நீருக்கு 'நீர் முதுகெலும்பு' என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. வெல்லமும் பொஸ்பேற்றும் மாறி மாறி அமைந்த வெளி இழையைத்தான் இலங்கையின் மலையகத்து ஹட்டனில் என் உயர்தர வகுப்பில் முதுகெலும்பு என்று கற்பிக்கிறேன். பள்ளத்துக்குள் கிடக்கும் நீருக்கும் அதே பெயரை இட்டால் மாணவர் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுவர்.

1981இல் ட்ரூவும் டிக்கர்சனும் பன்னிரண்டு மூல இணைகள் (இரு இழைகளையும் இணைக்கும் படிகள்) கொண்ட டீ.என்.ஏ. பளிங்கை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். அடினைன், தைமின் என்னும் மூலங்கள் நிறைந்த நடுப்பகுதியில், அடுத்தடுத்த இணைகளில் எதிரெதிர் இழைகளுக்குரிய அணுக்களை ஒரு நீர் மூலக்கூறு பாலமாகப் பற்றியிருப்பதையும், அப்படிப் பற்றிய நீரை இரண்டாம் வரிசை நீர் கோத்துச் செல்வதையும் அவர்கள் கண்டனர். கோத்துச் செல்வது வடமே. ஆகவே 'நீர்வடம்' என்கிறேன். 'தண்டுவடம்' என்று வேறொரு சொல் உண்டே எனலாம். முதுகெலும்புக்குள் செல்லும் நரம்புத் தண்டைக் குறிக்கும் அச்சொல்லுக்கு நம் பாடநூல்களில் முண்ணாண் என்றே பெயர் என்பதால் குழப்பம் வராது.

டீ.என்.ஏ.யோடு ஒட்டி நிற்கும் நீரைப் பொதுவாகக் குறிக்கும் 'பிணைநீர்' என்ற சொல்லில்தான் எனக்குப் பெரிய தயக்கம். தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டும் தொட்டியில் பரப்பிய கொழுந்து, தண்டு ஒடியாமல் வளையும் பதத்துக்கு வந்த பின்னும் தன்னுள் நீரை வைத்திருக்கிறது. போன நீர் எவ்வளவு என்பதை எடை நிறுத்துப் பார்த்தே அறிகிறோம். 1960களின் தொடக்கத்தில் பால்க்கும் உடன் ஆய்ந்தோரும், சாரீரப்பதனை (காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் அதில் உள்ளது என்ற அளவை) படிப்படியாக மாற்றி, டீ.என்.ஏ. ஏற்ற நீரை இப்படி நிறுத்தே அளந்தனர். அதற்கு முன்பே ரோசலின்ட் பிராங்ளின், ஏறத்தாழ 75 சதவீத சாரீரப்பதனில் ஏ வடிவம் என்னும் குறுகிய சுருளாக இருக்கும் டீ.என்.ஏ. நார் 92 சதவீதத்தில் நீண்டு பீ வடிவமாவதைக் காட்டியிருந்தார். இவ்வளவு வலிமையாக வடிவத்தையே மாற்றும் நீரைப் 'பிணைநீர்' என்று அழைக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் காட்டும் பரிவைக் கொண்டு அளக்கும் கருக்காந்தப் பரிவு முறையால் அளந்தபோது, நீர்வடத்து மூலக்கூறுகள்கூட ஏறத்தாழ ஒரு நனோ செக்கன் (செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவே ஓரிடத்தில் தங்குவது தெரிந்தது. டீ.என்.ஏ.யை ஒட்டாத புறநீர் பிக்கோ செக்கன் (நனோ செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் இடம் மாறுவதோடு ஒப்பிட்டால் இது நெடுநேரமே. இருந்தும் பிணைப்பு என்று சொல்லும் அளவுக்கு நிலையானதன்று. ஆகவே 'பற்றுநீர்' என்பதே அளவீட்டுக்கு உண்மையாக இருக்கும்.

வரிப்பள்ளத்துக்கு, தேயிலை மலையில் நீர் வடிய வெட்டும் கானை எண்ணிச் 'சிறுகான்' என்றால் என் மாணவர் உடனே விளங்கிக்கொள்கின்றனர். மற்ற ஊர் வாசகர் அதைக் காடு என்று படிக்கக்கூடுமாகையால், அந்தச் சொல்லை மட்டும் நான் வற்புறுத்தவில்லை.