ஏபிகே இன்ஸ்டால் ஆகல, "நிறுவப்படவில்லை"ன்னு மட்டும் வருது. அவசரம்!

சுண்டெலி
படமா இருக்கற எழுத்தை வாசிச்சுக் காட்டுற ஓப்பன் சோர்ஸ் ஆப் ஒண்ணு. ஸ்டோர்ல இருந்து தூக்கிட்டாங்க. கிட்ஹப்ல (எழுதினவங்க நிரலைப் போட்டு வெக்கற தளம்) ஏபிகே, அதாவது ஆப்பை நிறுவற ஃபைல், எடுத்துத் தட்டினா கடைசி வரைக்கும் போய் "நிறுவப்படவில்லை"ன்னு நின்னுடுது. இடம் நிறைய இருக்கு, ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, அனுமதியும் கொடுத்தாச்சு. பார்வை இல்லாதவங்க வெச்சிருக்கற போன், நாளைக்குள்ள ஓடணும். என்ன செய்யலாம்?

நூல்கண்டு
ஆண்ட்ராய்டு எத்தனை? ஏபிகேயை எதுல இருந்து திறந்தீங்க, குரோமா, ஃபைல் மேனேஜரா? ஆண்ட்ராய்டு 8ல இருந்து அந்த அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. குரோமுக்குக் கொடுத்துட்டு ஃபைல் மேனேஜர்ல திறந்தா செல்லாது. "நிறுவப்படவில்லை"க்கு அப்புறம் வேற ஏதாவது எழுதியிருந்தா முழு வரியையும் போடுங்க.

கேபிள்கட்டு
இது பிளே ப்ரொடெக்ட் (ஆப்புகளை ஸ்கேன் பண்ற கூகுள் காவல்) வேலைதான் ப்ரோ. பிளே ஸ்டோர் திறந்து மேல இருக்கற உங்க படத்தைத் தட்டுங்க, பிளே ப்ரொடெக்ட், அதுக்குள்ள பல்சக்கரம், ஸ்கேன் பண்றதை அணைங்க. இன்ஸ்டால் ஆனதும் மறுபடி ஆன் பண்ணிடுங்க. சாம்சங் போனா இருந்தா "ஆட்டோ பிளாக்கர்"னு ஒண்ணு இருக்கும், பாதுகாப்பு அமைப்புல. அதையும் அணைக்கணும். அது ஆன்ல இருந்தா வெளி ஏபிகே போகாது, கேபிள் வழியா கட்டளையும் போகாது.

மணிக்கூண்டு
பிளே ப்ரொடெக்ட் தடுத்தா தன் பேர் போட்ட பெட்டியைக் காட்டும், இப்படி மொட்டையா நிக்காது. பழைய ஆப்பா இருக்கும்னு நினைக்கிறேன். ஆண்ட்ராய்டு 14 வந்ததுல இருந்து, டார்கெட் எஸ்டிகே (எந்த ஆண்ட்ராய்டுக்காக எழுதினதுன்னு ஆப் சொல்ற எண்) 23க்குக் கீழ இருக்கற ஆப் எதையும் போன் ஏத்துக்காது. 15ல அந்த எல்லை 24. எப்பவோ எழுதி விட்டுட்ட ஆப்னா இதுதான். கேபிள் போட்டு "பைபாஸ் லோ டார்கெட் எஸ்டிகே பிளாக்" தேர்வோட நிறுவினா போகும்.

கேபிள்கட்டு
கிட்ஹப்ல இப்பவும் அப்டேட் ஆகுற ஆப்ல எப்படிங்க அது வரும்?

மணிக்கூண்டு
அப்டேட் ஆகுதுன்னு அவர் சொன்னாரா?

ஆணிவேர்
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியை இதே மாதிரி பாதி விவரத்தோட கேக்கறாங்க. பதில் சொல்றவங்களும் ஆளுக்கொரு ஜோசியம் சொல்றாங்க. போன் திரையில வர்ற "நிறுவப்படவில்லை" ஒரே வாசகம். பின்னால குறைஞ்சது அஞ்சாறு காரணம் இருக்கும். கையெழுத்து மாறியிருக்கலாம், வெர்ஷன் பழசா இருக்கலாம், 64 பிட் மட்டும் ஏத்துக்கற போன்ல 32 பிட் ஏபிகே போட்டிருக்கலாம், துண்டு துண்டா இருக்கற ஆப்ல ஒரு துண்டை மட்டும் எடுத்திருக்கலாம். யூகிக்காம கேபிளைப் போட்டுக் காரணத்தைப் படிங்க.

போனைப் பற்றி பக்கத்துல பில்ட் எண்ணை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் தேர்வுகள் வரும். அதுல யுஎஸ்பி டீபக்கிங் ஆன். கம்ப்யூட்டர்ல பிளாட்ஃபார்ம் டூல்ஸ் (கேபிள் வழியா போனுக்குக் கட்டளை அனுப்பற ஏடிபி இதுலதான் இருக்கு) ஜிப்பை விரிச்சு, அந்த ஃபோல்டர்லயே டெர்மினல் திறங்க. "ஏடிபி டிவைசஸ்" அடிச்சா போன்ல ஒரு கேள்வி வரும், சம்மதிங்க. அப்புறம் "ஏடிபி இன்ஸ்டால்", ஒரு இடைவெளி, ஏபிகே ஃபைல் பேர். தோத்தா "இன்ஸ்டால் ஃபெயில்ட்"னு ஆரம்பிச்சு ஒரு சொல் வரும். அதைக் கொண்டுவந்து போட்டுட்டுப் பேசுங்க.

சுண்டெலி
மன்னிக்கணும். ஆண்ட்ராய்டு 15. புது வெர்ஷன்தான். கேபிள் போட்டேன், "அப்டேட் இன்கம்பாட்டிபிள்"னு வருது, கையெழுத்து பொருந்தலன்னு. முன்னாடி ஸ்டோர்ல போட்டது இருந்துச்சு, ஆனா அதை எடுத்தாச்சே. ஆப் லிஸ்ட்ல இல்ல.

நூல்கண்டு
இதை முதல்லயே சொல்லியிருந்தா நேரம் மிச்சம். ஒவ்வொரு ஆப்பும் ஒரு சாவியால கையெழுத்து போடப்பட்டிருக்கும். ஒரே பேர்ல வேற சாவியோட ஆப் வந்தா, அது அப்டேட் மாதிரி நடிக்கற வேற ஆளா இருக்கலாம்னு போன் மறுத்துடும். அது நல்ல விதிதான். ஆனா ஸ்டோர்ல வர்ற பதிப்புல கையெழுத்து போடற சாவி பெரும்பாலும் ஸ்டோர்கிட்டயே இருக்கும். எழுதினவர் கிட்ஹப்ல போடறது அவர் சாவி. எஃப்-டிராய்டுல (ஓப்பன் சோர்ஸ் ஆப்புகளுக்கான தனிக் கடை) தாங்களே கட்டிக் கொடுக்கற ஆப்புக்கு அவங்க சாவி. மூணும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது. அதனால பழசு எங்கயோ இன்னும் இருக்கு.

மணிக்கூண்டு
அன்இன்ஸ்டால் பண்ணும்போது "டேட்டாவை வெச்சுக்கோ"ன்னு டிக் பண்ணியிருப்பார். அப்படி விட்டா ஆப் போயிடும், பதிவு போகாது. பழைய சாவியைப் போன் ஞாபகம் வெச்சிருக்கும். "ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் பேக்கேஜஸ்" கட்டளையோட ஒரு சிறுகோடும் (-) யூவும் சேர்த்து அடிச்சா அதெல்லாம் தெரியும்.

தாழ்ப்பாள்
அதுவும் நடக்கும். ஆனா நான் முதல்ல பாக்கச் சொல்றது வேற புரொஃபைல். ஆண்ட்ராய்டுல ஒரு ஆப்போட பேரும் சாவியும் போன் முழுக்க ஒண்ணே ஒண்ணுதான். ஆபீஸ் புரொஃபைல், இரட்டை ஆப், பூட்டின ஃபோல்டர், இன்னொரு பயனர், இதுல எங்க ஒரு காப்பி இருந்தாலும் உங்க பக்கத்துல வேற சாவியோட நிறுவ முடியாது. உங்க ஆப் லிஸ்ட்லயும் அது தெரியாது. அதான் "எடுத்தாச்சே"ன்னு குழம்பறீங்க.

"ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் யூசர்ஸ்" அடிங்க. 0ங்கறது நீங்க. 10 பெரும்பாலும் ஆபீஸ் புரொஃபைல் அல்லது ரெண்டாவது பயனர். 999 சில போன்கள்ல இரட்டை ஆப். சாம்சங் செக்யூர் ஃபோல்டர் 150. ஒவ்வொரு எண்ணுக்கும் லிஸ்ட் பேக்கேஜஸ் கட்டளையில ரெண்டு கோடு போட்டு "யூசர்", அப்புறம் அந்த எண் சேர்த்துப் பாருங்க. 150க்கு அனுமதி இல்லன்னு திட்டும். அந்த ஃபோல்டரைத் திறந்து உள்ள இருந்தே நீக்கணும்.

கிடைச்சதும் "ஏடிபி அன்இன்ஸ்டால்", ஆப்போட முழுப் பேர் (புள்ளி வெச்ச நீளமான பேர்). இது எல்லாப் புரொஃபைல்லயும் அழிச்சுடும், டேட்டாவும் போயிடும். உள்ள சேமிச்ச அமைப்பு ஏதாவது இருந்தா முன்னாடியே எக்ஸ்போர்ட் பண்ணிக்கங்க.

வடக்குவாசல்
நிறுவறது எப்படின்னு எல்லாரும் சொல்றீங்க. ஸ்டோர் தூக்கின ஆப்பை எதுக்கு ஒரு பார்வையற்றவர் போன்ல போடணும்னு யாருமே கேக்கல. திரையை வாசிக்கற ஆப்னா அணுகல்தன்மை அனுமதி கேக்கும். அதைக் கொடுத்தா பேங்க் ஆப் திரையையும் படிக்கலாம், தானே பட்டனும் அமுக்கலாம். பணம் திருடற டிரோஜன்கள் நுழையற வழியே இதுதான். வாசல்ல காவல் இருக்கறது சும்மா இல்ல.

தாழ்ப்பாள்
ஆபத்து உண்மைதான், மறுக்கல. ஆனா காவல்காரர் ஆபத்தை மட்டுமா பாக்கறார்? 2022 மே மாசம் பிளே ஸ்டோர் விதி மாறினப்போ, அணுகல்தன்மை வழியா கால் ரெக்கார்டு பண்ற ஆப்புகளுக்கு இடம் இல்லாம போச்சு. அதுல நேர்மையா எழுதினதும் இருந்துச்சு. ஆப்பிள் பக்கம் பாருங்க. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தால 2024 மார்ச்ல ஐஓஎஸ் 17.4ல வேற கடைகளுக்கு வழி விட்டாங்க. ஆனா அந்தக் கடை ஆப்பும் ஆப்பிளோட நோட்டரைசேஷன்ங்கற சோதனையைத் தாண்டித்தான் வரணும். 2024 ஜூன்ல யுடிஎம் எஸ்இங்கற எமுலேட்டருக்கு (போனுக்குள்ள வேற கம்ப்யூட்டர் மாதிரி ஓடற ஆப்) அங்கயும் கதவை மூடினாங்க. ஜூலைல தாங்களே அனுமதிச்சாங்க. ஒரு மாசத்துல அது வைரஸா இருந்து நல்ல ஆப்பா மாறிடுச்சா?

வடக்குவாசல்
ஒரு உதாரணத்தை வெச்சு மொத்தக் கதவையும் பெயர்த்து எடுக்கச் சொல்றீங்க. "வங்கியில இருந்து பேசறோம், இந்த ஏபிகேயைப் போடுங்க"ன்னு போன்ல சொன்னதும் போடறவங்க எத்தனை பேர்? கூகுள் 2025 ஆகஸ்ட்ல அறிவிச்ச டெவலப்பர் சரிபார்ப்பு இதுக்குத்தான். எழுதினவர் யாருன்னு தெரிஞ்சா மோசடிக்காரன் நாளைக்கு வேற பேர்ல வர முடியாது.

தாழ்ப்பாள்
அந்த அறிவிப்பை முழுசாப் படிங்க. 2026 செப்டம்பர்ல பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027ல இருந்து மத்த நாடுகள். கூகுள் சான்று வாங்கின போன்ல, பேர் கொடுத்துப் பதியாத ஆள் எழுதின ஆப் சாதாரண வழியில ஏறாதுங்கறது திட்டம். ஸ்டோருக்கு வெளியே இருந்து எடுத்தாலும் அதே கதிதான். இலவசமா எழுதிப் போட்டுட்டுப் போற ஆள் எதுக்கு அடையாள அட்டை காட்டணும்? எஃப்-டிராய்டு இது தங்களையே முடிச்சுடும்னு வெளிப்படையாச் சொன்னாங்க. எதிர்ப்பு வந்த பிறகு நவம்பர்ல, அனுபவம் உள்ளவங்களுக்கு எச்சரிக்கையோட ஒரு தனி வழி வைப்போம்னாங்க. ஏடிபியும் இருக்கும்னாங்க. சரி, பார்வை இல்லாதவங்க ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கேபிளும் டெர்மினலும் தேடணுமா? போன் அவங்களோடது. ஆபத்தைச் சொல்லுங்க, ரெண்டு தடவை கேளுங்க, முடிவை அவங்ககிட்ட விடுங்க.

கேபிள்கட்டு
ஐபோன்ல இன்னும் மோசம் ப்ரோ. இலவச ஆப்பிள் ஐடியில கையெழுத்து போட்டு ஏத்தினா 7 நாள்ல காலாவதி, ஒரே நேரத்துல மூணு ஆப்தான். ஒரு வருஷம் ஓடணும்னா வருஷத்துக்கு 99 டாலர் கட்டணும்.

ஆணிவேர்
கேட்டவர் பிரச்சினை ஆண்ட்ராய்டு 15. கொள்கைச் சண்டைக்குத் தனி இழை போடுங்க.

சுண்டெலி
10ல இருந்துச்சு!! எடுத்தேன், ஃபைல் மேனேஜர்லயே இன்ஸ்டால் ஆயிடுச்சு. ஆனா இப்ப அணுகல்தன்மைல ஆப் பேர் சாம்பலா இருக்கு, ஆன் பண்ண விடல.

நூல்கண்டு
எதிர்பார்த்ததுதான். ஆண்ட்ராய்டு 13ல வந்த பூட்டு. ஃபைல் மேனேஜர், பிரவுசர் வழியா ஏறின ஆப்புக்கு அணுகல்தன்மையும் அறிவிப்பைப் படிக்கற அனுமதியும் மூடியே இருக்கும். கடை ஆப் வழியா ஏறினதுக்கு இந்தப் பூட்டு கிடையாது. திறக்கற இடம் ஒளிஞ்சிருக்கும், வரிசை முக்கியம்.

முதல்ல அந்தச் சாம்பல் பேரையே தட்டுங்க. கட்டுப்படுத்தப்பட்ட அமைப்புன்னு பெட்டி வரும், சரி கொடுத்து மூடுங்க. அப்புறம் அமைப்புகள், ஆப்ஸ், உங்க ஆப். வலது மேல் மூலையில மூணு புள்ளி, அதுக்குள்ள கட்டுப்படுத்தப்பட்ட அமைப்புகளை அனுமதின்னு இருக்கும். பின் நம்பர் கேக்கும். திரும்ப அணுகல்தன்மைக்குப் போனா சாம்பல் போயிருக்கும். சாம்பல்ல ஒரு தடவை தட்டி மறுப்பு வாங்காம நேரா மூணு புள்ளிக்குப் போனா அந்த வரி இருக்கவே இருக்காது. "என் போன்ல அந்த ஆப்ஷனே இல்ல"ன்னு சொல்றவங்க பலரும் இங்கதான் மாட்டறாங்க. அப்படியும் வரலன்னா ஏடிபி ஷெல்ல "ஆப்ஆப்ஸ் செட்", ஆப் பேர், "ஆக்சஸ் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்" (பெரிய எழுத்து, இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு), "அலவ்".

வடக்குவாசல்
ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை செய்யுங்க. அந்த ஏபிகே உண்மையிலேயே எழுதினவரோட கையெழுத்தான்னு பாருங்க. கம்ப்யூட்டர்ல ஏபிகே சைனர்ங்கற (கையெழுத்தைச் சோதிக்கற) கருவியில "வெரிஃபை", ரெண்டு கோடு "பிரின்ட் செர்ட்ஸ்" போட்டா எஸ்எச்ஏ 256 எண் வரும், அது அந்தச் சாவியோட கைரேகை மாதிரி. அதை எழுதினவர் தன் பக்கத்துல போட்டிருக்கறதோட ஒப்பிடுங்க. கம்ப்யூட்டர் வேண்டாம்னா போன்லயே ஆப்வெரிஃபையர்ங்கற ஆப் இதைச் செய்யும். ஒரு எழுத்து மாறினாலும் அனுமதி கொடுக்காதீங்க.

தாழ்ப்பாள்
இதுல உங்களோட முழுசா ஒத்துப்போறேன். காவல் இப்படி இருக்கணும்.

சுண்டெலி
எண் பொருந்துது. சாம்பலைத் தட்டினதும் மூணு புள்ளி வந்துச்சு. ஓடுது. எல்லாருக்கும் நன்றி.

மணிக்கூண்டு
அப்போ 10ல இருந்தது ஆபீஸ் புரொஃபைலா, ரெண்டாவது பயனரா? சொல்லிட்டுப் போங்க, இதே பிரச்சினை உள்ளவங்களுக்கு ஆகும்.

ஆணிவேர்
இனி வரமாட்டார். அவர் படிச்சா: ஃபைல் மேனேஜருக்குக் கொடுத்த நிறுவும் அனுமதியைத் திரும்ப எடுங்க, யுஎஸ்பி டீபக்கிங் அணைங்க. அடுத்தடுத்த அப்டேட்டுக்கு ஆப்டெய்னியம் (எழுதினவர் பக்கத்துல இருந்தே அப்டேட் எடுக்கற ஆப்) போட்டு கிட்ஹப் முகவரியைக் கொடுத்துடுங்க, நிறுவும் அனுமதி அது ஒண்ணுக்கு மட்டும் போதும். ரெண்டாவது புரொஃபைல்லயும் அந்த ஆப் வேணும்னா கிட்ஹப் பதிப்பையே அங்கயும் போடுங்க.