நாள்பட்ட வலி: சிறிய கிளினிக்கில் ஆய்வு செய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம். பென்னாகரம் பக்கம் சிறிய கிளினிக் நடத்துகிறேன். மூன்று மாதத்துக்கும் மேலாக மூட்டுவலி, முதுகுவலியோடு அல்லாடுகிறவர்கள்தான் இங்கே பாதிக் கூட்டம். எந்தச் சிகிச்சை யாருக்குப் பலன் தருகிறது என்பதை அன்றாட வைத்தியத்தோடு சேர்த்தே ஆராய விரும்புகிறேன்.

வலியின் அளவு, அது வாழ்க்கை மகிழ்ச்சியையும் அன்றாடச் செயல்பாடுகளையும் எவ்வளவு கெடுக்கிறது என மூன்றே கேள்விகள் கொண்ட 'பெக்' அளவுகோலைக் கேட்டுப் பார்க்கிறேன். சிக்கல் அங்கேதான். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்றால், புளி தட்டும் பாட்டி, "உட்கார்ந்தால் எழ முடியவில்லை சாமி, நம்பரை நீயே போட்டுக்கொள்" என்கிறார். நியாயமான பதில்தான், அட்டவணையில் ஏறாதே!

இன்னொன்று, நம் பகுதி நிலத்தடி நீரில், எலும்பு, மூட்டு வலியைத் தரக்கூடிய ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர் வருமுன் ஆண்டுக்கணக்கில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர்களின் வலியை, வயதான தேய்மானத்திலிருந்து எப்படிப் பிரித்துப் பதிவது? எல்லோரையும் எக்ஸ்ரேவுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

எண்ணுக்குப் பதிலாக, வலியின் அளவைக் காட்டும் முகப்படங்களைப் பயன்படுத்தியவர்கள், தமிழில் சரிபார்த்த படிவம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வெளியார் ஆய்வையும் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலத்தில் எங்கே இருக்கிறது? அனுமதி கிடைக்காமல் ஆய்வைத் தொடங்க மாட்டேன். மாங்காய் சீசனில் மறுபரிசோதனைக்கு வராதவர்களிடம் போனில் கேட்டுப் பதிந்தால் ஏற்பார்களா?