அச்சைச் சுற்றி மடித்த வெளியும் கான்ஃபார்மல் புலக் கோட்பாடும்

கேள்வி: கான்ஃபார்மல் புலக் கோட்பாட்டில் (கோணங்களை மாற்றாத உருமாற்றங்களின்கீழ் மாறாத புலக் கோட்பாட்டில்), முப்பரிமாண யூக்ளிடிய வெளியில், ஓர் அச்சைச் சுற்றி 180 பாகை சுழற்றும்போது ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்தமரும் புள்ளிகளை ஒரே புள்ளியாகக் கொண்டால், அந்த அச்சை வழக்கமான கோட்டு டிஃபெக்டாக (வெளியை மாற்றாமல் ஒரு கோட்டின்மேல் மட்டும் புலத்தில் குறுக்கிடும் அமைப்பாக) கருதலாமா?

பதில் 1: முழுமையாக இயலாது. அச்சைச் சுற்றிய மொத்தக் கோணம் பாதியாகி, வெளி முழுவதுமே கூம்பாகிவிடுவதால் அதன் சுவடு தொலைவிலும் மறையாது. ஆயினும் அச்சின் நெடுகே கான்ஃபார்மல் சமச்சீர் எஞ்சுகிறது.

பதில் 2: கட்டற்ற (தன்னோடு இடைவினை புரியாத) நிறையற்ற ஸ்கேலார் புலத்துக்கு, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே எண்ணாக அமையும் புலத்துக்கு, பிம்ப முறையே போதும்: சுழற்சியால் ஒரு புள்ளி சென்றமரும் இடமே அதன் பிம்பப் புள்ளி. பிம்பப் புள்ளியின் பங்கைக் கூட்டினால் அச்சின்மேல் இரட்டைப்படைக் குறுக்குச் சுழற்சி (அச்சைச் சுற்றிய சுழற்சியைக் குறிக்கும் முழு எண்) உள்ள புலங்களும், கழித்தால் ஒற்றைப்படையுள்ளவையும் மிஞ்சும். புலத்தின் வர்க்கத்தின் (இருபடியின்) சராசரி, அச்சிலிருந்துள்ள தூரத்துக்கு எதிர்விகிதத்தில், அதே கூட்டல் அல்லது கழித்தல் குறியுடன் அமையும். இடைவினையுள்ள ஐசிங் மாதிரியில் (காந்தத்தை விவரிக்கும் எளிய மாதிரியில்) இந்தச் சொகுசு கிடையாது.

பதில் 3: தளத்தைப் பொறுத்துப் பிரதிபலித்து மடித்தால் கிடைப்பது எல்லைதான், கூட்டல், கழித்தல் குறிகள் அங்கே முறையே நாய்மன் (எல்லைக்குச் செங்குத்தான திசையில் புலத்தின் மாற்றவீதம் சுழி), டிரிஷ்லே (எல்லையில் புலமே சுழி) நிபந்தனைகளாகும்.